வெளியே போன வாக்கியம்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். அப்பா வைத்தது. அம்மாவின் பிறந்தநாளுக்காக ஒரு மிக்ஸி வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, அப்போது சின்னப் பெண்ணாக இருந்த அக்காவிடம், "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, சரியா?" என்று அப்பா கேட்டுக்கொண்டார். அவள் பலமாகத் தலையாட்டினாள். நேராகச் சமையலறைக்குப் போய், "அம்மா, அலமாரிக்குப் பின்னால மிக்ஸி எதுவும் இல்ல" என்றாள். அன்றிலிருந்து ரேடியோ.

அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கோள் மூட்டுகிறவளும் இல்லை. ஒரு சேதியை உள்ளே வைத்திருப்பது அவளுக்குத் தும்மலை அடக்குவது போல. மூக்கு சிவக்கும், கண் கலங்கும், கடைசியில் எப்படியும் வந்துவிடும். சித்தப்பா வேலையை விட்ட விஷயம் சித்திக்குத் தெரிவதற்கு முன் எங்கள் அடுக்குமாடி முழுக்கத் தெரிந்தது இவளால்தான். சித்தி ஒரு வாரம் இவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளே போன் செய்து, "வேற என்னடி சேதி?" என்று கேட்டாள். ரேடியோவின் மேல் கோபம் இருக்கலாம், கேட்காமல் இருக்க முடியாது.

அம்மாவின் சைக்கிள் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். அம்மாவுக்குச் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசை. கீழ்வீட்டு அத்தையிடம் இரவல் வாங்கி, கட்டடத்தின் பின்புறம் துணி காயப்போடும் முற்றத்தில், யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் ஓட்டிப் பழகுவதாகத் திட்டம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அம்மா முதல் மிதி மிதித்தபோது எல்லா ஜன்னல்களிலும் தலைகள். அம்மா மேலே பார்த்தாள். சைக்கிள் நேராகக் கொடியில் போய்ப் புகுந்தது. யாருடைய படுக்கை விரிப்பையோ தலையில் போர்த்தியபடி, ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு, அம்மா எழுந்து நின்றாள். அடி ஒன்றும் இல்லை. கட்டடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அப்பா அதை ஒரு நாடகமாகவே ஆக்கிவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர், தரையில் இருக்கும்போது வாய் ஓயாது. உறவினர்கள் கூடினால் போதும், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையை ஹேண்டில்பார் மாதிரி நீட்டி, "யாரு விளக்கை அணைச்சது?" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதற்கப்புறம் அம்மா சைக்கிளைத் தொடவே இல்லை என்பதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

அக்கா படித்து முடித்து வேலைக்குப் போன இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி. ஐந்து நாற்காலி போட்ட சின்னக் கம்பெனி. சோபாக் கடை, டிரைவிங் ஸ்கூல், நாய் பூனை ஆஸ்பத்திரி என்று ஊரில் உள்ள சிறிய இடங்களுக்கெல்லாம் இணையதளம் செய்துகொடுப்பார்கள். முதலாளி சாதுவான மனிதர். கண்ணாடிக் கடைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு தன் கண்ணாடியைத் தொலைத்துக்கொண்டே இருப்பார். அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே, "எனக்கு வீட்ல ரேடியோன்னு பேரு சார், என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்று அறிவித்துவிட்டாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனியின் எல்லா ரகசியச் சாவிகளையும் அவளிடமே ஒப்படைத்தார். "வேற யாருக்கும் பொறுமை கிடையாது. பேசுறவங்கதான் வேலையை மறக்காம செய்வாங்க" என்றாராம்.

சாவி என்றால் என்ன என்று அப்பாவுக்கு அவள் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஓர் இணையதளத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. முன்பக்கம் நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது: பட்டன், படம், காலண்டர். பின்பக்கம் எங்கோ ஒரு கணினியில் இருப்பது. யார் பதிவு செய்தார்கள், அவர்கள் போன் நம்பர் என்ன என்பதெல்லாம் அங்கே. உள்ளே வருகிறவர் இன்னார்தான் என்று பின்பக்கம் ஒரு முத்திரை குத்திக் கொடுக்கும். அந்த முத்திரையைச் செய்ய ஒரு ரகசிய வாக்கியம் வேண்டும். அது வெளியாள் கையில் கிடைத்தால் அவர் யார் பெயரில் வேண்டுமானாலும் முத்திரை குத்திக்கொண்டு நுழைந்துவிடலாம். அதனால் அது பின்பக்கத்தை விட்டு நகரவே கூடாது.

"வாக்கியம் நீளமா இருக்கணும். யாராலயும் ஊகிக்க முடியாததா இருக்கணும்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்கா யோசித்தாள். யாருக்கும் தெரியாத நீளமான வாக்கியங்கள் அவளிடம் ஏற்கெனவே நிறைய இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல்தானே அவள் இத்தனை காலம் அவதிப்பட்டாள்.

இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. வீட்டில் யாராவது "யார்கிட்டயும் சொல்லாத" என்று ஒன்றைச் சொன்னால், அவள் மறுநாள் ஆபீஸ் போய் அதை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஏதாவது ஒரு கடையின் சாவியாக அடித்துவிடுவாள். பெரியப்பா பல்செட்டை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தது நாய் பூனை ஆஸ்பத்திரியைக் காவல் காத்தது. நான் கல்லூரியில் புள்ளியியலில் அரியர் வைத்தது ஒரு சோபாக் கடையைக் காவல் காத்தது. நான் எழுதித் தேறி, நானே அதை வீட்டில் சொல்லிச் சிரித்த வாரம், அவள் அந்தச் சாவியை எடுத்துவிட்டு வேறு போட்டாளாம். ரகசியம் செத்தால் சாவியும் செத்தது என்பது அவள் கணக்கு.

"அடிச்சிட்டா சொன்ன மாதிரி ஆயிடுதுடி" என்றாள் என்னிடம். "யாரோ கேட்டுக்கிட்டாங்கன்னு இருக்கும். அப்புறம் மூக்கு சிவக்காது."

இப்படியிருக்கும்போதுதான் நீச்சல் குளத்தின் வேலை கம்பெனிக்கு வந்தது. நகரத்துப் பொதுக் குளம். வகுப்புக்கு முன்பதிவு செய்ய ஓர் இணையதளம். அதைச் செய்துகொண்டிருந்தபோது, காலையில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு இருப்பதையும் அதில் பாதி இடம் காலியாகக் கிடப்பதையும் அக்கா பார்த்தாள். வீட்டுக்கு வந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வயசானவங்க சேரலாமா?" என்று கேட்டாள்.

"யாரும்மா வயசானவங்க?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. மருந்துக் கடையில் மத்தியான ஷிஃப்ட். காலையில் அப்பா கிளம்பிய பிறகு வீட்டில் தனியாக இருப்பாள். தண்ணீர் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"ஆழமான பக்கத்துல இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நான் போற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவேன். சைக்கிள் மாதிரி."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை அக்காவை அடித்துப் போட்டுவிட்டது. அவளுக்கு அதுவரை சைக்கிள் ஒரு நகைச்சுவைக் கதை. "சத்தியமாச் சொல்ல மாட்டேன்மா" என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றாள்.

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மின்னஞ்சல். பதிவு செய்தால் அப்பா கண்ணில் பட்டுவிடும். அதனால் அக்கா, இணையதளத்தைச் சோதிக்க அவளே உருவாக்கி வைத்திருந்த டெஸ்ட் யூசர் 2 என்ற பெயரில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். கட்டணமெல்லாம் முறையாகக் கட்டித்தான். ஆனால் குளத்தின் வாசலில் இருந்த திரையில் வகுப்பு நாளெல்லாம் அந்தப் பெயர்தான் வரும். பயிற்சி கொடுக்கும் பெண் அதைப் பார்த்துப் பார்த்து, அம்மாவை "டெஸ்ட்டம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "டெஸ்ட்டம்மா, கம்பியை விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்ல?" "நீ பிடிச்சிருக்கறதாலதான் பயமா இருக்கு. நீ என்னைவிட ஒல்லியா இருக்க."

சத்தியம் செய்த மறுநாள், அக்கா குளத்தின் சாவியை மாற்றினாள். புதிய வாக்கியம்: அம்மா நீச்சல் கத்துக்கறாங்க அப்பாவுக்குத் தெரியாது.

மாதங்கள் ஓடின. எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா மேல் ஒரு வாசனை வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அப்பா முகர்ந்து பார்த்து, "என்ன, ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குது?" என்பார். "மருந்துக் கடைன்னா வேற என்ன வாசனை அடிக்கும், மல்லிகைப் பூவா?" என்பாள் அம்மா. அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவாள். ரேடியோ பழுதாகிவிட்டது என்று அப்பா கேலி செய்வார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. குளத்தின் இணையதளத்தை வேறு கணினிக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு காலண்டர் வெள்ளையாக நின்றது. முன்பக்கத்துக்குப் பின்பக்கத்தின் புது முகவரி தெரியவில்லை, அவ்வளவுதான். எழுதியதையெல்லாம் சுருக்கிக் கட்டி ஒரே கோப்பாக அனுப்புவதற்கு ஒரு கருவி உண்டு. அந்தக் கட்டுக்குத்தான் பில்ட் என்று பெயர். பின்பக்கத்தின் விவரங்களில் எது எது கட்டுக்குள் போகலாம் என்று அதில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அக்கா முகவரியை மட்டும் அனுப்பப் பார்த்தாள், வரவில்லை. எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக, எல்லா விவரங்களையும் அனுப்பு என்று எழுதிப் பார்த்தாள். காலண்டர் பளிச்சென்று வந்தது. இனி அதைக் குறைத்து, வேண்டியதை மட்டும் விட்டு, மற்றதை எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். "இன்னைக்கு என்னை ஆழத்துல இறக்கப் போறாளாம். நீ வர முடியுமா?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்ததாக, பக்கத்தில் உட்காரும் டிசைனர் பிற்பாடு சொன்னார். எழுந்தபடியே பொத்தானை அழுத்தினாள். கட்டு உருவாகி வெளியே போனது. அவள் குளத்துக்கு ஓடினாள். அம்மா அன்றைக்கு ஆழத்தில் இறங்கி, கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆனந்தத்தில் ஆபீஸில் விட்டுவந்த வரி அவளுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

திங்கட்கிழமைக் காலையில் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பொது முகவரிக்கு வந்த மின்னஞ்சல்களை முதலாளி எல்லோருக்கும் உரக்கப் படிப்பார். பெரும்பாலும் புகார். அவர் படிக்கிற தொனியில் புகார்கள்கூட நலம் விசாரிப்பது போல இருக்கும். அன்றைக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இதைப் படித்தார்:

"வணக்கம். என் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க வந்தேன். பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று உள்ளே பார்த்தேன். நானும் இந்தத் தொழில்தான். வெளியே வரக் கூடாத சில விவரங்கள் உங்கள் கோப்பில் வந்திருக்கின்றன. ரகசியச் சாவி என்ற பெயருக்கு எதிரே ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. தயவுசெய்து உடனே மாற்றிவிடுங்கள். நான் எதையும் தொடவில்லை. உங்களில் யாருடைய அம்மா என்று தெரியவில்லை. அவருக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். எனக்கும் நீச்சல் தெரியாது."

எல்லோரும் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"யாரோட அம்மா?" என்றார் முதலாளி.

"எங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியும் சார்" என்றார் டிசைனர். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. கணக்குப் பார்க்கும் பெண்மணி, "எங்க அம்மா குளிக்கறதுக்கே யோசிப்பாங்க" என்றார். பிறகு எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். அக்காவின் மூக்கு சிவந்திருந்தது.

"முதல்ல சாவி" என்றார் முதலாளி. "அழுகை அப்புறம்."

சாவியை மாற்றினாள். அந்த வரியைத் திருத்தி, புதிதாகக் கட்டி அனுப்பினாள். அந்தக் கட்டோடு வெளியே போயிருந்த மற்ற கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். பழைய கோப்பின் நகல்கள் இருந்த இடங்களிலிருந்தெல்லாம் அதை அழித்தாள். டிசைனரும் முதலாளியும் உட்கார்ந்து, இரண்டு மூன்று நாளில் யார் யார் உள்ளே வந்தார்கள் என்று பின்பக்கத்தின் பதிவுகளைப் பார்த்தார்கள். வேற்றாள் நுழைந்த தடம் எதுவும் இல்லை. முதலாளி குளத்து மேனேஜருக்குத் தானே போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எல்லோரும் ஒரு தடவை மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கும் என்றார். மேனேஜர் திட்டினார், பிறகு, நீங்களே சொன்னீர்களே என்று நன்றியும் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டெஸ்ட் யூசர் வாரத்துல மூணு நாள் நீச்சலுக்குப் போறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆச்சரியமா இருந்துச்சு" என்றார்.

"சாரி சார்."

"அதை விடு. வெளிய போன சாவியை ஒருத்தர் பாத்தாரா நூறு பேர் பாத்தாங்களான்னு யோசிக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னுதான் வச்சுக்கணும். யாரோடதோ அவங்ககிட்ட சொல்லிடணும். இதானே நம்ம முறை?"

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களே சார்."

"குளம் மேனேஜரோடது. வாக்கியம் அவரோடது இல்லையே."

அக்கா பிற்பாடு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்துவாள். உலகத்தில் உள்ள எல்லாச் சேதிகளையும் எல்லோருக்கும் சொன்னவளுக்கு, இந்த ஒன்றை ஒரே ஓர் ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அம்மா நிறுத்திவிடுவாள். அவள் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை, நிபந்தனை விஷயத்திலும்தான். சொல்லாவிட்டாலோ யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த முகம் தெரியாத மனிதர் வந்து சொல்லப் போகிறாரா என்ன? சாவியை மாற்றிவிடலாம். அம்மா நீச்சல் கற்றுக்கொள்வதை எதைப் போட்டு மாற்றுவது?

இரண்டு நாள் தாங்கினாள். புதன்கிழமை வகுப்புக்குப் போனாள். அம்மா தலையில் ரப்பர் தொப்பியோடு, ஆழமான பக்கத்தின் விளிம்பில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வெளிய தெரிஞ்சு போச்சும்மா."

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மாடிக்கு?"

"மாடி இல்லம்மா. இன்டர்நெட்ல."

"மாடியே பரவாயில்ல போலிருக்கே."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஹோட்டலில் பார்சல் கட்டும்போது சாப்பாட்டோடு ஸ்டோர் ரூம் சாவியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்ட மாதிரி என்றாள். அந்தச் சாவியில்தான் அம்மாவின் விஷயம் எழுதியிருந்தது என்றாள். தான் வேண்டுமென்று சொல்லவில்லை என்றாள். சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அங்கே வைத்தேன் என்றாள். அதற்குள் அழுதுவிட்டாள்.

"யாரு பாத்தது?"

"தெரிஞ்சு ஒருத்தர். யாருன்னு தெரியாது. உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லியிருக்கார்."

"சிரிச்சாரா?"

"இல்லம்மா."

"அதைப் படி."

அக்கா போனில் எடுத்துப் படித்தாள். அம்மா தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கடைசி வரியில் கையை நீட்டித் தடுத்தாள்.

"எனக்கும் தெரியாதுன்னா என்ன அர்த்தம்? அவருக்குத்தான் தெரியாது. எனக்குப் பாதி தெரியும்."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பயிற்சியாளர் அந்தப் பக்கத்திலிருந்து, "டெஸ்ட்டம்மா, கதை போதும், இறங்குங்க" என்றாள். அம்மா அசையவில்லை.

"சாவி வெளிய போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அது இனிமே செல்லாதுன்னு ஆக்கிடுவோம்."

அம்மா கொஞ்ச நேரம் காலால் தண்ணீரை அளைந்தாள். "அப்பாவுக்குத் தெரியாதுங்கறதுதானே இதுல இருக்கற சங்கதி. அவர்கிட்ட நானே சொல்லிட்டா இது செல்லாது. வேற யாரு வந்து சொன்னாலும் பழைய சேதி."

"நிறுத்திடுவேன்னு சொன்னியேம்மா."

"நீ சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். நீ வாயே திறக்கலையே. எழுதி வச்ச இடம்தான் ஓட்டை." சொல்லிவிட்டு அம்மா தண்ணீரில் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, கால் கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள். நானும் இருந்தேன். எனக்கும் அப்போதுதான் தெரியும். "நான் நீச்சல் கத்துக்கறேன். ஆறு மாசமா" என்றாள், உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்.

அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அதான் அந்த ப்ளீச்சிங் பவுடர்" என்றார். பிறகு எனக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் மெதுவாக ஏற ஆரம்பித்தது. கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. அக்கா என்னைப் பார்த்தாள்.

அம்மா, "துண்டை அங்கேயே விடுங்க" என்றாள். "ஏய், அந்த லெட்டரை அப்பாவுக்குப் படி."

அக்கா படித்தாள். அப்பாவின் கை துண்டின் மேலேயே இருந்தது. படித்து முடித்த பிறகும் துண்டு அவர் தலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம். யாரோ ஒரு மனிதர், அம்மாவை ஒருதரம்கூடப் பார்க்காதவர், இதைக் கேட்டதும் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். கூடவே இருக்கிற இவர் துண்டைத் தேடியிருக்கிறார். அவர் அதைத்தான் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. துண்டை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தார், அது மட்டும் தெரியும்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

"உங்க தலைக்கு மேல ஒரு முழம்."

"எனக்கு முழங்கால் தண்ணியே பயம்." இருபது மாடி உயரத்தில் தொங்குகிற மனிதர் இதைச் சொன்னார். "நான் வந்து பாக்கலாமா?"

"தாண்டினப்புறம் வாங்க. தாண்டுற அன்னைக்கு வேண்டாம்."

"சரி" என்றார் அப்பா. அவர் யாரிடமும் சொல்லவில்லை. லிஃப்ட் வேலைக்கு வரும் உதவியாளரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவருடைய மூக்கும் கொஞ்சம் சிவந்திருந்தது. ரேடியோ யாருக்குப் பிறந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

அம்மா தாண்டியது இன்னும் சில வாரம் கழித்து. அக்கா மட்டும் கரையில் இருந்தாள். பாதி வழியில் அம்மா நின்றுவிட்டாளாம். மல்லாந்து, வானத்தைப் பார்த்து, அசையாமல் மிதந்தாளாம். அக்காவுக்கு உயிர் போய் வந்தது. பயிற்சியாளர், "விடுங்க, ஓய்வெடுக்கறாங்க" என்றாள். பிறகு அம்மா திரும்பிப் படுத்து, அவசரமே இல்லாமல் போய் எதிர்க்கரையின் கம்பியைப் பிடித்தாள். அங்கிருந்தபடியே, மூச்சு வாங்க, குளத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"இப்பச் சொல்லு. எல்லா மாடிக்கும்."

அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். எனக்கு வந்தது முதல் போன். அப்புறம் சித்தி, பெரியப்பா, கீழ்வீட்டு அத்தை, ஒவ்வொரு மாடி, முதலாளி, டிசைனர். அந்த முகம் தெரியாத மனிதருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினாள்: அம்மா தாண்டிவிட்டார். அவரிடமிருந்து பதில் வந்தது: என் மகள் இன்னும் கம்பியை விடவில்லை, நானும் சேரலாமா என்று யோசிக்கிறேன். அம்மா அதையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். நோய் வந்தபோது அதையும் அவளே எல்லோருக்கும் போன் செய்து சொன்னாள். யார் யாருக்கு எப்படிச் சொல்வது என்று எங்களைத் தவிக்க விடவில்லை. "சேதி என்னோடது, நானே சொல்றேன்" என்றாள். சித்தி போனை வைத்துவிட்டு, திரும்ப எடுத்து, "வேற என்னடி சேதி?" என்று கேட்டாளாம். வேறு சேதியும் இருந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து முதலாளி வீட்டுக்கு வந்தார். அவளுடைய காபிக் கோப்பை, நாற்காலியில் மாட்டியிருந்த சால்வை, இரண்டு பேனா. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஒருத்தர் போயிட்டா சாவியெல்லாம் மாத்தறது எங்க வழக்கம்மா" என்றார் அம்மாவிடம். "மாத்திட்டோம். பழசை அழிச்சாச்சு."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதுல என்ன எழுதியிருந்தா சார்?"

"தெரியாதும்மா. நான் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுத்தான் அழிச்சேன்."

அம்மா, "நல்ல வேலை செஞ்சீங்க" என்றாள்.

சில சமயம் நான் ஊகித்துப் பார்ப்பதுண்டு. எத்தனை கடைகள், எத்தனை வாக்கியங்கள். எங்களில் யாரைப் பற்றி எதையெல்லாம் அவள் சொல்லாமல் வைத்திருந்தாள். அவளை ரேடியோ என்று கூப்பிட்டுக்கொண்டே, அவளை நம்பித்தானே எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னோம்.

அவள் இடத்துக்கு வந்த புதுப் பெண் நேற்று அம்மாவுக்குப் போன் செய்தாள். குளத்தின் இணையதளத்தைச் சுத்தம் செய்கிறாளாம். "டெஸ்ட் யூசர் 2ன்னு ஒண்ணு இருக்கும்மா. எடுத்துட்டு உங்க பேர்ல புதுசாப் போட்டுடவா?"

"அது என் பேருதான்" என்றாள் அம்மா. "எடுக்காத."

இன்று காலை, எல்லோருக்கும் பொதுவான வகுப்பு நேரத்துக்கு, அம்மாவும் அப்பாவும் கிளம்பிப் போனார்கள். பையை அப்பா தூக்கிக்கொள்வார். ஆழமில்லாத பக்கத்தில், குழந்தைகளுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். அது அவர் வகுப்பு. வாசல் திரையில் முதல் வரியில் அந்தப் பெயர் வரும். பயிற்சியாளர் எட்டிப் பார்த்து, "டெஸ்ட்டம்மா, இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். அம்மா ஆழமான பக்கத்தைக் கை காட்டுவாள்.